மூத்தவனுக்கு வந்த ஆர்.ஓ.பி. இளையவளுக்கும் வருமா?

சகோதரி, மூத்தவனுக்கு ஆர்.ஓ.பி. (குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு வரும் விழித்திரை நோய்) வந்து லேசர் செய்தது, இப்போது மகள் 29 வாரத்தில் பிறந்திருப்பது, ‘உன் வழியில் வந்த கோளாறு’ என்று வீட்டில் சொல்வது, எல்லாம் படித்தேன். அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

விழித்திரையின் ரத்தக் குழாய்கள் கருவின் 16ஆவது வாரம் வாக்கில் வளரத் தொடங்கி, ஏறக்குறைய 40ஆவது வாரத்தில்தான் ஓரம் வரை போய்ச் சேரும். சீக்கிரம் பிறந்தால் அந்த வளர்ச்சி பாதியில் தடைபடுகிறது. எத்தனை வாரத்தில் பிறந்தது, எடை எவ்வளவு, எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்பட்டது, இவைதான் பெரிய காரணங்கள்.

மரபணுவுக்கும் பங்கு இருக்கிறது. இரட்டைக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வுகள் அதைக் காட்டின. கடுமையான ஆர்.ஓ.பி. வந்த சிலரிடம் என்.டி.பி., எஃப்.இசட்.டி.4 போன்ற மரபணுக்களில் மாற்றம் இருந்தது. ஆனால் சிலரிடம் மட்டும்தான். மகளுக்கு அந்த மாற்றங்கள் அப்பா வழியிலும் வரலாம், அம்மா வழியிலும் வரலாம். யாரையும் குற்றம் சொல்ல அதில் இடமில்லை.

ஒன்றை மட்டும் விசாரியுங்கள்: இரு குடும்பத்திலும் நிறைமாதத்தில் பிறந்தும் சின்ன வயதிலேயே விழித்திரை விலகியவர், பார்வை இழந்தவர் உண்டா? இருந்தால் கண் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், மரபணு ஆலோசனை பற்றியும் கேளுங்கள்.

மற்றபடி, பிறந்து நாலு வாரம் வாக்கில் முதல் கண் பரிசோதனை. அதைத் தள்ளிப்போடவே கூடாது. என் மகளுக்கு இமையைக் கம்பியால் விரித்துப் பிடித்தபோது அவள் அழுததில் நானும் அழுதுவிட்டேன். அழுகை சில நிமிடத்தில் அடங்கிவிட்டது. அடுத்த தேதியை அங்கேயே எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.