கழுத்துக் கறுப்பும் காலண்டரும்: பி.சி.ஓ.எஸ். பற்றி மாணவர்கள் கேட்டவை

ஸ்கேனில் 'பாலிசிஸ்டிக் ஓவரி' என்று வந்தால் பி.சி.ஓ.எஸ். என்றே எழுதிவிடலாமா? – எம்.பி.பி.எஸ். மாணவர்

கூடாது. பி.சி.ஓ.எஸ். (பாலிசிஸ்டிக் ஓவரி சிண்ட்ரோம்) என்பது ஹார்மோன் கோளாறு, ஸ்கேனில் தெரியும் தோற்றம் மட்டும் அல்ல. ஊரெல்லாம் 'நீர்க்கட்டி' என்கிறார்கள், ஆனால் அங்கே இருப்பது கட்டியே இல்லை. முழுதாக வளராமல் பாதியில் நின்றுபோன கருமுட்டைப் பைகள், ஒவ்வொன்றும் 2 முதல் 9 மில்லிமீட்டர்தான். எந்தத் தொல்லையும் இல்லாத இளம்பெண்களுக்கும் இப்படித் தெரிவதுண்டு. 2003இல் நெதர்லாந்தின் ராட்டர்டாமில் கூடிய மருத்துவர்கள் வகுத்த விதிப்படி மூன்றில் இரண்டு வேண்டும்: மாதவிடாய் தள்ளித் தள்ளி வருவது, ஆண் ஹார்மோன் கூடியதன் அடையாளம் (முகத்தில் முடி போல), ஸ்கேனில் இந்தத் தோற்றம். அதோடு தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்கவைக்கும் ஹார்மோன்) கோளாறு இல்லை என்றும் பார்த்துவிட வேண்டும். வயதுக்கு வந்து 8 ஆண்டு ஆகாத பெண்ணுக்கு ஸ்கேன் கணக்கிலேயே வராது, முதல் இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதல். பதினாறு வயதுப் பெண்ணிடம் 'உனக்கு நீர்க்கட்டி' என்று சொல்லி அனுப்பினால், குழந்தையே பிறக்காதோ என்று அழுதுகொண்டுதான் வீட்டுக்குப் போவாள்.

ஓ.பி.யில் மாதவிடாய் பற்றிக் கேட்டால் எல்லோரும் 'ரெகுலர்தான்' என்கிறார்கள். எப்படித்தான் கேட்பது? – பி.எஸ்சி. நர்சிங் மாணவி

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஒருநாள் அம்மாவோடு ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். "மாசா மாசம் வருதாம்மா?" என்று என் மாணவி கேட்க, "வருது" என்றாள். மாணவியும் அப்படியே எழுதிவிட்டாள். நான் காலண்டரை எடுத்து வைத்து, "கடைசியா எப்ப தலைக்குக் குளிச்ச?" என்றேன். "பங்குனி உத்திரத்தன்னிக்கு. கோயிலுக்குப் போக முடியலை." அதற்கு முன்? "பொங்கலுக்கு." அதற்கு முன்? "தீபாவளி முடிஞ்சு." ஐந்து மாதத்தில் மூன்றே முறை!

அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்கு அதுதான் வழக்கம். அதனால் தேதியைக் கேளுங்கள். வயதுக்கு வந்து 3 ஆண்டு தாண்டிய பிறகும் ஒரு மாதவிடாய்க்கும் அடுத்ததற்கும் இடையே 35 நாளுக்கு மேல் ஆனாலோ, ஆண்டுக்கு 8 முறைக்குக் குறைந்தாலோ விடாதீர்கள்.

அப்புறம், பின்கழுத்தைப் பாருங்கள். கறுத்து, வெல்வெட் போலத் தடித்திருந்தால் அது அழுக்கு இல்லை. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளம். பீர்க்கங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டு வரும் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனசு கேட்காது. 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்துச் சர்க்கரை பார்க்க வேண்டிய பெண்ணை 'நன்றாகக் குளி' என்று அனுப்பியிருப்பார்கள்.

பீரியட்ஸ் வர மாத்திரை கேட்டு மருந்துக் கடைக்கு வருபவர்களிடம் என்ன சொல்வது? – பார்மசி மாணவர்

அந்த மாத்திரை உதிரப்போக்கை வரவைக்குமே தவிர, முட்டை வெளியாகாத குறையைச் சரிசெய்யாது. கர்ப்பமா என்று பார்க்காமல் கொடுக்கவே கூடாது. 90 நாளாக வரவில்லை என்றால் டாக்டரிடம் அனுப்புங்கள். பல மாதம் அப்படியே விட்டால் கருப்பையின் உட்சுவர் தடித்துக்கொண்டே போகும், பின்னாளில் புற்றுநோய் அபாயமும் கூடும்.

நான் ஒல்லி. ஆனால் தாடையில் முடி, பீரியட்ஸ் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. வகுப்பில் இந்தப் பாடம் வந்தால் தலையைக் குனிந்துகொள்கிறேன். – பெயர் வேண்டாம்

குனியாதேம்மா. ஒல்லியானவர்களுக்கும் இது வரும். குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் பத்தில் ஒருவருக்காவது இருக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதில் 70 சதவீதம் பேர் வரை தங்களுக்கு இருப்பதே தெரியாமல் இருக்கிறார்கள். 60 பேர் படிக்கும் வகுப்பில் நீ ஒருத்திதான் என்று எப்படிச் சொல்ல முடியும்? பின்னாளில் குழந்தை வேண்டும் என்றாலும் முட்டை வளர மாத்திரை இருக்கிறது, பலருக்கு அதுவே போதும். தூக்கம் கெடுகிறதா, எதிலும் பிடிப்பில்லாமல் இருக்கிறதா? அதையும் டாக்டரிடம் சொல். மனச்சோர்வு இதோடு சேர்ந்து வருவது சகஜம்.

போஸ்டிங் முடிந்ததும் வெள்ளைக் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, நோயாளியாகச் சீட்டு எடுத்து ஓ.பி.க்குப் போ. கடைசி ஆறு பீரியட்ஸ் தேதிகளை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொள்.