ரேஞ்சர் பதில்கள்: கேட்டைப் பூட்டியது யாருக்காக?

கேள்வி: ரேஞ்சர் ஐயா, கொரோனா நேரத்தில் சரணாலயங்களையெல்லாம் மூடினார்கள். அடைத்த அறையைவிடத் திறந்தவெளியில்தானே தொற்று குறைவு? மனிதர்கள் மூச்சுவிட இருந்த ஒரே இடத்தையும் பூட்டியதில் என்ன நியாயம்?

பதில்: நானே அன்று இதைக் கேட்டு முணுமுணுத்தவன்தான். ஓய்வுபெறச் சில மாதங்கள் இருந்தன. உத்தரவு வந்ததும், "காட்டுக்குள்ள எவன் எவன் மேல தும்மப் போறான்?" என்று எங்கள் வாட்ச்சரிடம் கேட்டேன். அவர் வாயே திறக்காமல் டிக்கெட் கவுன்ட்டரைக் கைகாட்டினார்.

இரண்டடி ஜன்னல் அது. லீவு நாளானால் அதற்குள் ஒரே நேரத்தில் நாலு கை நுழையும். அதைத் தாண்டினால் முட்டியோடு முட்டி இடிக்க உட்காரும் ஜீப். பிறகு ஒருவர் இறங்கினால்தான் இன்னொருவர் ஏற முடிகிற கோபுரப் படி, ஊருக்கே பொதுவான ஒரு கழிப்பறை, கண்ணுக்குக் கண் மாறிக்கொண்டிருக்கும் ஒரே பைனாகுலர். வருகிறவர்களில் பாதிப்பேர் காட்டில் நின்ற நேரத்தைவிட இந்த வரிசைகளில் நின்ற நேரம்தான் அதிகம். திறந்தவெளிக் கணக்கு அங்கே செல்லாது.

எங்கள் ஆட்களையும் பாருங்கள். ரோந்து முகாமில் ஐந்தாறு பேர் ஒரே கூரையின் கீழ் தூங்கி, ஒரே அடுப்பில் சமைப்பார்கள். ஒருவர் படுத்தால் மற்றவர்களும் தனிமையில். அந்தப் பக்கம் ரோந்து அவ்வளவுதான். காட்டோரத்துச் சின்ன ஊர்களின் ஆஸ்பத்திரிக்கு எத்தனை கட்டில்? அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவை 2020 மார்ச் 24 அன்று மூடியபோது, அப்படி மூடச் சொல்லிக் கேட்டவர்களில் சுற்றுவட்டார சுகாதார அதிகாரிகளும் இருந்தார்கள்.

விலங்குகளுக்கு வருகிறேன். மனிதக் குரங்குகள் விஷயத்தில் எனக்குச் சந்தேகமே கிடையாது, மூடத்தான் வேண்டும். உகாண்டாவின் கிபாலே காட்டில் 2013-ல் 56 சிம்பன்சிகள் கொண்ட கூட்டத்தில் ஐந்து செத்தன. காரணம் ரைனோவைரஸ்-சி. நம் குழந்தைகள் மூக்கொழுகிக்கொண்டே விளையாடித் திரிவார்களே, அந்தச் சளிக் குடும்பம்தான். கொரில்லாவிடமிருந்து ஏழு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்ற விதி கொரோனாவுக்கு முன்பே உண்டு. அதைப் பத்தாக்கி, முகக்கவசத்தையும் சேர்த்தார்கள். ஏழோ பத்தோ, கொரில்லாக் குட்டிக்கு அது தெரியாது. அதுவாக நம்மிடம் நடந்து வரும். செல்ஃபிக்காரர் பின்வாங்க மாட்டார்.

ஆனால் பூட்டு மட்டும் காப்பாற்றிவிடாது. நியூயார்க்கின் பிராங்ஸ் உயிரியல் பூங்காவை 2020 மார்ச் நடுவிலேயே மூடிவிட்டார்கள். மாதக் கடைசியில் ஒரு புலி இருமத் தொடங்கியது. ஏப்ரல் 5-ல் கொரோனா என்று உறுதியானது. அறிகுறி இல்லாத பணியாளர் ஒருவரிடமிருந்து வந்திருக்கும் என்றார்கள். வாசல் வழியாக வரும் கூட்டத்தைத் தடுத்தாயிற்று, தினமும் தீனி வைக்கும் கையை என்ன செய்வது?

கேள்வி: ஆள் நடமாட்டம் இல்லாமல் விலங்குகள் நிம்மதியாக இருந்ததாகப் படங்கள் பார்த்தேன். வருஷத்தில் சில மாதம் இப்படியே பூட்டி வைத்தால் என்ன?

பதில்: சாலையில் மான் நிற்கும் படத்தை எனக்கும் பத்துப் பேர் அனுப்பினார்கள். ஸ்வீடனில் ஸ்டோரா கார்ல்சோ என்ற தீவில் நடந்ததை யாரும் அனுப்பவில்லை. அங்கே பாறை விளிம்புகளில் கில்லமாட் என்ற கடற்பறவைகள் கூட்டம் கூட்டமாக முட்டையிடும். 2020-ல் சுற்றுலாக்காரர்கள் இல்லை. மனிதனைக் கண்டால் ஒதுங்கிப்போகும் வெண்வால் கழுகுகள் தைரியமாக வந்து வட்டமிட்டன. பறவைகள் மிரண்டு எழ, முட்டைகள் உருண்டு விழுந்தன. மிச்சத்தைக் கடற்காகங்கள் கொத்திப் போயின. அந்த வருஷம் குஞ்சு பொரிப்பு வழக்கத்தைவிட 26 சதவீதம் குறைவு. கழுகும் பாதுகாக்க வேண்டிய பறவைதான், அதைக் குறை சொல்லவில்லை. நடந்தது நிம்மதி இல்லை என்கிறேன், அவ்வளவுதான்.

இன்னொன்றைச் சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. உகாண்டாவின் பிவிண்டி காட்டில் ரஃபிக்கி என்று ஒரு வெள்ளிமுதுகுக் கொரில்லா, அதாவது முதுகு நரைத்த வளர்ந்த ஆண். 17 பேர் கொண்ட குடும்பத்துக்குத் தலைவன். சுற்றுலா நின்றிருந்த 2020 ஜூனில் அதை ஈட்டியால் குத்திக் கொன்றார்கள். பிடிபட்டவருக்கு 11 வருஷச் சிறை. வேட்டைக்குப் போன இடத்தில் அது பாய்ந்தது என்றார் அவர். மலைக் கொரில்லாக்கள் உலகத்திலேயே ஆயிரத்துச் சொச்சம்தான். கொரில்லா பார்க்க வருகிறவர்களின் பணத்தில்தான் அங்கே காவலருக்குச் சம்பளமும் கிராமத்தாருக்குப் பிழைப்பும். அது நின்றால் அடுப்பெரிய வழி தேடிக் காட்டுக்குள்தான் நுழைவார்கள். மூடுகிற அன்றே வழிகாட்டிக்கும் ஜீப் டிரைவருக்கும் கூலிக்கு ஏற்பாடு செய்யாத உத்தரவு பாதி உத்தரவு.

எனக்குப் பிடித்த மூடல் ஒன்று உண்டு. 2022-ல் பறவைக் காய்ச்சல் கடற்பறவைகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்றபோது இங்கிலாந்தின் ஃபார்ன் தீவுகளில் கால் வைக்கத் தடை போட்டார்கள். செருப்படியில் ஒட்டும் எச்சம் போதும், நோய் அடுத்த கூட்டுக்குப் போய்விடும். ஆனால் படகில் சுற்றிவந்து பார்க்கலாம். எது ஆபத்தோ அதை மட்டும் நிறுத்தினார்கள். ஊரோரத்தில் நடைபாதை மட்டும் உள்ள பறவைக் குளத்துக்கும் சிம்பன்சிக் காட்டுக்கும் ஒரே பூட்டு போட்டதில் எனக்கு உடன்பாடில்லை. கவுன்ட்டரை மூடிவிட்டு, ஆள் கணக்கு வைத்து நடக்க விட்டிருக்கலாம்.

கேள்வி: பொதுமக்களுக்கு மூடிய காலத்திலும் 'வேண்டியவர்கள்' உள்ளே போனார்களாமே, உண்மையா?

பதில்: எல்லா இடத்தையும் பற்றிச் சொல்ல முடியாது. என் கேட்டில் ஒருமுறை நடந்தது. மேலிடத்திலிருந்து போன் வந்தது, பின்னாலேயே இரண்டு கார்கள். ஒன்பது பேர், கழுத்தில் கேமரா, தாடையில் தொங்கும் முகக்கவசம். நான்தான் சாவியைக் கொடுத்தேன். வாட்ச்சர் அதை வாங்கிப் பூட்டைத் திறந்தார். அதற்கு முந்தின வாரம்தான் அவருடைய தம்பி குடும்பத்தை, "யாரா இருந்தாலும் விடக் கூடாது" என்று சொல்லி, அதே கேட்டிலிருந்து திருப்பி அனுப்பியிருந்தேன். மூன்று நாள் அவர் என்னோடு பேசவில்லை.