இந்தியாவுக்கே மணி சொன்ன ஊர்

கேள்வி: டிவி, செல்போன் எதுவும் இல்லாத 1890-களில் மெட்ராஸ்காரர்களுக்கு நேரம் எப்படித்தான் போயிருக்கும்? ஹைகோர்ட், ஐஸ் ஹவுஸ், சென்ட்ரல் ஸ்டேஷன் பற்றியெல்லாம் கொஞ்சம் சொல்லுங்களேன். (வாசகி, ஆரணி)

பதில்: நேரம் எப்படிப் போயிருக்குமா? அம்மா, நீங்கள் கேட்பது இந்தியாவின் ரயில்களுக்கெல்லாம் நேரம் சொன்ன ஊரைப் பற்றி! கட்டடங்கள் எங்கேயும் போய்விடாது, அப்புறம் பார்க்கலாம். 'நேரம்' என்று ஒரு சொல் போட்டீர்களே, அதை விட எனக்கு மனசில்லை.

அப்போதெல்லாம் ஊருக்கு ஒரு மணி. சூரியன் உச்சிக்கு வந்தால் அந்த ஊருக்கு நடுப்பகல், அவ்வளவுதான். கல்கத்தாக் கடிகாரம் மெட்ராஸைவிட அரைமணிக்குக் கொஞ்சம் மேலே முந்தி ஓடும். பம்பாய்க் கடிகாரம் அரைமணி பிந்தி நிற்கும். மாட்டுவண்டியில் போனவரை யாருக்கும் நஷ்டமில்லை. ரயில் வந்தது, கூடவே வம்பும் வந்தது. ஒரே தண்டவாளத்தில் எதிரெதிரே வருகிற வண்டிகள் ஆளுக்கொரு கடிகாரத்தை நம்பினால் என்ன ஆகும்? அதனால் இரண்டு ஊருக்கும் இடைப்பட்ட மெட்ராஸ் மணியையே 1870 வாக்கில் ரயில்வேக்கள் எடுத்துக்கொண்டன. கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிஷம் முந்திய மணி அது.

கல்கத்தாவின் ஹௌரா ஸ்டேஷனில் பத்து மணி வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்கத்தாக்காரர் வீட்டுக் கடிகாரத்தைப் பார்த்துப் பத்துக்கு ஸ்டேஷன் வந்து சேர்ந்தால், அங்கே ஒன்பதரைகூட ஆகியிருக்காது. நிதானமாக வெற்றிலை போட்டுக்கொள்ளலாம். பம்பாய்க்காரர் தன் ஊர் ஸ்டேஷனுக்கு அதே மாதிரி வந்தால் அங்கே கடிகாரம் பத்தரை காட்டும். வண்டி தாதரைத் தாண்டியிருக்கும்! கோபம் வராதா? 1881-ல் பம்பாய் கவர்னர் ஃபெர்குசன், அரசாங்க ஆபீஸ்களிலும் இனி மெட்ராஸ் மணிதான் என்று உத்தரவு போட்டார். எங்கள் சூரியனை விட்டுவிட்டு மெட்ராஸ் சூரியனுக்கு நாங்கள் எழுந்திருக்க வேண்டுமா என்று ஊரே கொதித்தது. 1883-ல் உத்தரவை வாபஸ் வாங்கினார்கள். பம்பாய்க்காரர்கள் பேரில் எனக்கு வருத்தமில்லை, சொந்த வெயிலை விட்டுக்கொடுக்க யாருக்குத்தான் மனசு வரும்?

இந்த மணியைக் கணக்குப் போட்ட இடம் நுங்கம்பாக்கம் வானாய்வகம். 1792-ல் எழுந்தது. கருவியைத் தாங்க நட்ட கருங்கல் தூண் வானிலை மைய வளாகத்தில் இன்றும் நிற்கிறது. தமிழிலும் தெலுங்கிலும் அதில் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். ஆயிரம் வருஷம் கழித்து வருகிறவர்களும் ஆசியாவில் கணித சாஸ்திரத்தை முதலில் நட்டது பிரிட்டிஷ் தாராளம் என்று தெரிந்துகொள்ள வேண்டும், இதுதான் தூணை நட்டவர்களின் எண்ணம். ஆரியபட்டர் பிறந்த நாட்டில்! "வெள்ளைக்காரன் வராவிட்டால் நமக்கு என்ன தெரியும்?" என்று மாதம் ஒருவராவது எனக்கு எழுதுகிறீர்கள். உங்களுக்கு ஒரு பெயர் சொல்கிறேன்: சிந்தாமணி ரகுநாதாச்சாரி.

பஞ்சாங்கம் கணிக்கிற குடும்பத்துப் பிள்ளை. இளம் வயதில் அதே வானாய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்து தலைமை உதவியாளர் வரை வந்தவர். 1867-ல், தெற்கே தாழ்வாகத் தெரிகிற ரெட்டிகுலம் விண்மீன் கூட்டத்தில் ஒளி கூடிக் குறைகிற நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1872-ல் லண்டன் ராயல் வானியல் கழகம் அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. 1874-ல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்தபோது, அது என்ன விஷயம் என்று ஜனங்களுக்குப் புரிய ஒரு சிறு நூல் எழுதினார். எந்த வடிவத்தில் தெரியுமா? ஒரு பண்டிதர் கேட்க, ஒரு சித்தாந்தி சொல்ல, கேள்வி-பதிலாக! இந்தப் பக்கத்துக்கு அவர்தான் பெரியப்பா.

பழைய கணக்கில் ஊறிப்போன பிழைகளை விட்டுவிட்டு, வானத்தைப் பார்த்துப் பஞ்சாங்கம் போடுங்கள் என்று அவர் அப்போதே சொன்னார், திருக்கணிதப் பஞ்சாங்கமும் வெளியிட்டார். பழைய கணக்கையே பின்பற்றும் வாக்கியப் பஞ்சாங்கமா, வானத்தைப் பார்த்துப் போடும் திருக்கணிதமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. நான் ரகுநாதாச்சாரி கட்சி. என்னோடு மல்லுக்கு நிற்கும் ஜோதிட நண்பர்கள் இந்த வாரமும் எழுதலாம்.

சரி, வீட்டில் கடிகாரம் இல்லாதவருக்கு? ராத்திரி எட்டு மணிக்குக் கோட்டையில் பீரங்கி வெடிக்கும். அதுவே ஊருக்கு மணி.

கடற்கரையிலோ மணி பார்த்த விதமே வேறு. துறைமுகம் வந்து சேர நாளாயிற்று. 1881 நவம்பர் புயல், கட்டிக்கொண்டிருந்ததைப் பிய்த்துப் போட்டது. அதுவரை கப்பலிலிருந்து கரைக்கு ஆளையும் மூட்டையையும் கொண்டுவந்தது மசூலாப் படகு. அதில் ஓர் ஆணி கிடையாது. பலகையோடு பலகையைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள், இடுக்கில் வைக்கோலைத் திணித்திருப்பார்கள். அலை அறைந்தால் பலகை வளைந்து கொடுக்கும், உடையாது. ஆணியடித்த கப்பல் படகு அந்த அலையில் சுக்குநூறு. சுக்கான் பிடித்தவர் ஓர் அலை உடைந்து அடுத்தது எழும்புகிற இடைவெளியைப் பார்த்து, 'இப்போ!' என்று குரல் கொடுக்க வேண்டும். ஒரு நொடி பிசகினால் கவர்னராக இருந்தாலும் கடலில்தான். கவர்னர்களுக்குச் சிலை இருக்கிறது. அந்தச் சுக்கான்காரர் ஒருவரின் பெயராவது எங்காவது கல்லில் உண்டா? இருபது வருஷமாக இதைக் கேட்கிறேன், கேட்டுக்கொண்டேதான் இருப்பேன்.

நீங்கள் கேட்டவை: ஹைகோர்ட் கட்டடம் 1892-ல் திறந்தது, 1894-லிருந்து அதன் கோபுர உச்சியிலேயே கலங்கரை விளக்கு எரிந்தது. கீழே வழக்கு, மேலே வெளிச்சம். ஐஸ் ஹவுஸ், பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை வைக்க 1842-ல் கட்டியது; பிற்பாடு பிலிகிரி ஐயங்கார் வாங்கி வீடாக்கினார், 1897-ல் விவேகானந்தர் தங்கினார். சென்ட்ரல் ஸ்டேஷன் 1873. 1895 மே 7-ல் மின்சார டிராமும் ஓட ஆரம்பித்துவிட்டது, லண்டனுக்கு முன்பே.

மெட்ராஸ் மணியை ரயில்வே 1905-ல் கைவிட்டது. ஸ்டேஷன் கடிகாரங்களை ஏறக்குறைய 9 நிமிஷம் முன்னால் தள்ளி, இன்று நாம் கட்டியிருக்கும் கைக்கடிகார நேரத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

அடுத்த தடவை சென்னை வந்தால் ஹைகோர்ட்டைப் பஸ்ஸிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். நுங்கம்பாக்கத்தில் இறங்குங்கள். வானிலை மைய வாசலில் அனுமதி கேட்டு அந்தத் தூணைப் பாருங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. ரகுநாதாச்சாரி பெயரை அங்கே நின்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள்.