ஆறு பேருக்கு ஒரு பழைய கார்: மைலேஜைக் கடைசியில் கேளுங்கள்

கேள்வி: ஈரோட்டில் வசிக்கிறோம். நான், மனைவி, ஒன்பது வயது மகள், நான்கு வயது மகன், அப்பா, அம்மா என்று வீட்டில் ஆறு பேர். அம்மாவுக்கு முழங்கால் வலி. பள்ளிக்கும் கடைக்கும் தினமும் ஓட்டம். மாதம் ஒரு முறை திண்டுக்கல் பக்கம் சொந்த ஊருக்கு எல்லோரும் போவோம். மொத்தம் மாதம் எண்ணூறு கிலோமீட்டர் வரலாம். எட்டு லட்சம் ரூபாய்க்குள் பழைய கார் வாங்க நினைக்கிறேன். மைலேஜ், பாதுகாப்பு, இடவசதி மூன்றும் வேண்டும். நண்பர்கள் நெக்ஸான் என்கிறார்கள், மைத்துனர் டீசல் எர்டிகா என்கிறார், பக்கத்து வீட்டில் ட்ரைபர் வைத்திருக்கிறார்கள். எதை வாங்கலாம்?

பதில்: வரிசையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் இடம், அடுத்து பாதுகாப்பு, மைலேஜ் கடைசி. காரணம் சொல்கிறேன்.

நெக்ஸான் நல்ல வண்டி. 2018 டிசம்பரில் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. இந்தியத் தயாரிப்பில் அப்படி வாங்கிய முதல் கார் அதுதான். ஆனால் அதில் ஐந்து இருக்கைகள், ஐந்து சீட் பெல்ட்டுகள். ஆறாவது ஆள், அநேகமாக உங்கள் மகன், யார் மடியிலாவது உட்கார்ந்து வருவான். அந்த ஐந்து நட்சத்திரமும் பெல்ட் போட்டவர்களுக்கு மட்டும்தான். மடியில் இருக்கும் குழந்தையை மோதலின்போது கையால் பிடித்து நிறுத்த எந்தத் தாயாலும் முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவும் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ கட்டாயம் என்கிறது. தாத்தா பாட்டி வருடத்துக்கு இரண்டு முறைதான் உடன் வருவார்கள் என்றால் நெக்ஸானைத் தாராளமாக வாங்கச் சொல்லியிருப்பேன். மாதா மாதம் ஆறு பேரும் போகிறீர்கள் என்பதால் மூன்று வரிசை இருக்கை உள்ள வண்டிதான் உங்களுக்கு.

உங்கள் தொகைக்குள் அப்படி வருபவை முக்கியமாக எர்டிகாவும் ட்ரைபரும். அகலத்தில் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை: எர்டிகா 1,735 மில்லிமீட்டர், ட்ரைபர் 1,739. ஆகவே நடு வரிசையில் மூன்று பேர் உட்காரும் நெருக்கடி இரண்டிலும் ஒன்றுதான். நீளத்தில்தான் பிரிகிறார்கள். 2018 நவம்பரில் வந்த இரண்டாம் தலைமுறை எர்டிகா 4,395 மில்லிமீட்டர். ட்ரைபர் நான்கு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அந்த நாற்பது சென்டிமீட்டரும் பெரும்பாலும் கடைசி வரிசைக்கும் டிக்கிக்கும் போயிருக்கிறது. மூன்று வரிசையும் நிமிர்ந்திருக்கும்போது எர்டிகாவின் டிக்கி 209 லிட்டர், ட்ரைபருடையது 84 லிட்டர். ட்ரைபரில் அந்த நிலையில் இரண்டு பள்ளிப் பைகள் வைக்கலாம். ஊரிலிருந்து அரிசி மூட்டை ஏற்றிவர முடியாது.

ஆனால் நீங்கள் ஏழு பேர் இல்லை, ஆறு பேர். அப்பா முன்னால். நடு வரிசையில் அம்மா, மனைவி, குழந்தை இருக்கையில் மகன். கடைசி வரிசையில் மகள் மட்டும். அவளுக்குப் பக்கத்து இருக்கையை மடித்துவிடலாம். ட்ரைபரில் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடலாம். அந்த இடம் முழுவதும் சாமானுக்கு. இப்படிப் பார்த்தால் ட்ரைபரும் உங்களுக்குப் போதும். ஒன்று மட்டும்: அம்மாவை ஒரு முறை கூட்டிக்கொண்டு போய் இரண்டு வண்டியிலும் ஏறி இறங்கச் சொல்லுங்கள். படி உயரம், இருக்கையின் உயரம், கால் நீட்டும் இடம் எல்லாம் அளவு நாடாவைவிட முழங்காலுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

பாதுகாப்புக்கு வருவோம். 2019இல் எர்டிகா மூன்று நட்சத்திரமும், 2021இல் ட்ரைபர் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் நான்கு நட்சத்திரமும் வாங்கின. இவை பழைய விதிமுறையின்படி. 2022 ஜூலையில் குளோபல் என்கேப் விதிகளைக் கடுமையாக்கியது. அதன் பிறகு ஆப்பிரிக்கச் சந்தைக்குப் போன நம்மூர்த் தயாரிப்புகளைச் சோதித்தபோது எர்டிகா ஒரு நட்சத்திரத்துக்கும் ட்ரைபர் இரண்டு நட்சத்திரத்துக்கும் இறங்கிவிட்டன. ஆக, இரண்டையும் கோட்டை என்று நினைக்க வேண்டாம். நட்சத்திரத்தை வைத்து இவ்விரண்டுக்கும் நடுவில் முடிவெடுப்பதும் வீண்.

பழைய கார் வாங்குபவருக்கு நட்சத்திரத்தைவிட உதவுவது தயாரிப்பு மாதம். 2019 ஜூலை 1 முதல்தான் எல்லாக் கார்களிலும் ஓட்டுநர் ஏர்பேக், பெல்ட் நினைவூட்டும் ஒலி, பின்பக்க சென்சார் ஆகியவை கட்டாயமாயின. அவசரமாகப் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். அதற்குச் சற்று முன்பு, அந்த ஆண்டு ஏப்ரலில். முன் பயணிக்கான ஏர்பேக் ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கும் கட்டாயமானது 2022 ஜனவரியிலிருந்து. இரண்டாம் தலைமுறை எர்டிகாவிலும் ட்ரைபரிலும் இரண்டு ஏர்பேக் தொடக்கம் முதலே எல்லா வேரியண்டிலும் உண்டு. ட்ரைபரின் உயர் வேரியண்டான ஆர்.எக்ஸ்.இசட்டில் நான்கு. 2012 முதல் 2018 வரை ஓடிய முதல் தலைமுறை எர்டிகாவில் இது வேரியண்டுக்கு வேரியண்ட் மாறும். உங்கள் மைத்துனர் சொல்லும் டீசல் எர்டிகா மலிவாகக் கிடைக்கிறது என்றால் அநேகமாக அது இந்தத் தலைமுறைதான். வேரியண்ட் பெயரைக் கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

இனி மைலேஜ். வருடத்துக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய். லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டிக்கு வருடம் சுமார் 71,400 ரூபாய். 15 கொடுத்தால் 66,700. பழைய கார் விற்றுக்கொடுக்கும் கன்சல்டிங்காரர் நெஞ்சில் அடித்துச் சொல்லும் அந்த ஒரு கிலோமீட்டர் மைலேஜின் மதிப்பு வருடத்துக்கு 4,700 ரூபாய், ஏறத்தாழ ஒரு டயரின் விலை. கம்பெனி சொல்லும் கணக்கில் எர்டிகா 19, ட்ரைபர் 20. ஆறு பேரும் ஏ.சி.யும் சேர்ந்தால் ஒரு லிட்டர் எஞ்சின் கொண்ட ட்ரைபர் மூச்சு வாங்கும், ஆக்சிலரேட்டரை அதிகம் மிதிப்பீர்கள், அந்தச் சிறு வித்தியாசமும் கரைந்துவிடும். சமவெளியில் பிரச்சினை இல்லை. கொடைக்கானல் மலைப்பாதையில் தெரியும்.

டீசலில் 19 கிடைத்து லிட்டர் 92 ரூபாய் என்றால் வருடம் 48,400. பெட்ரோலைவிட 23,000 ரூபாய் மிச்சம், மறுப்பதற்கில்லை. ஆனால் எர்டிகாவைத் தயாரிக்கும் மாருதி 2020 ஏப்ரலில் டீசலை நிறுத்திவிட்டது. நீங்கள் பார்ப்பது எல்லாம் அதற்கு முந்தைய வண்டிகள். டீசல் வாங்குபவர் அதிகம் ஓட்டுபவர் என்பதால் அவை பெரும்பாலும் லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும். டர்போ, இன்ஜெக்டர், கிளட்ச் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று கை கொடுக்காவிட்டாலும் இரண்டு வருட மிச்சம் ஒரே பில்லில் போய்விடும். வேறு கம்பெனியின் பி.எஸ்.6 (2020 ஏப்ரலுக்குப் பிந்தைய புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசலைப் பார்த்தால், அதன் புகைபோக்கியில் கரித்துகளைப் பிடித்துவைக்கும் வடிகட்டி இருக்கும். நெடுஞ்சாலையில் தொடர்ந்து ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து சுத்தமாகும். பள்ளிக்கும் கடைக்கும் ஓடும் வண்டியில் அது அடைத்துக்கொள்ளும். உங்கள் ஓட்டத்துக்குப் பெட்ரோலே சரி. எரிவாயுவில் ஓடும் சி.என்.ஜி. எர்டிகாவும் சந்தையில் உண்டு. சிலிண்டர் டிக்கியை விழுங்கிவிடும் என்பதால் உங்களுக்கு வேண்டாம்.

ஒரு சிறு குறிப்பு: இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டிகள் பெரும்பாலும் பத்து சதவீதத்துக்காக வடிவமைக்கப்பட்டவை. மைலேஜ் சற்றுக் குறையும். பெட்ரோல் போகும் ரப்பர் குழாய்களை ஒவ்வொரு சர்வீஸிலும் பார்க்கச் சொல்லுங்கள்.

மாடல் முடிந்தது. இனிமேல்தான் உண்மையான வேலை. மோசமான எர்டிகாவைவிட நல்ல ட்ரைபர் எப்போதும் மேல்.

எர்டிகாவில் நான் முதலில் தேடுவது அது வாடகை வண்டியாக ஓடியதா என்பதைத்தான். மஞ்சள் போர்டிலிருந்து வெள்ளை போர்டுக்கு மாற்றிய எர்டிகாக்கள் நிறைய. ஆர்.சி.யில் வாகன வகையையும் மாற்றக் குறிப்பையும் பாருங்கள். வண்டியிலும் தடயம் இருக்கும்: கூரையில் கேரியர் போட்ட துளைகள், பம்பரில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டியிருந்த பசைக் கோடு, எஞ்சின் அறையில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியின் அறுத்துவிட்ட ஒயர். வாடகைக்கு ஓடியது குற்றமல்ல. மீட்டர் நாற்பதாயிரம் காட்டுவதுதான் குற்றம்.

மீட்டரை நம்பாமல் டயரைப் படியுங்கள். ஒவ்வொரு டயரின் பக்கவாட்டிலும் நான்கு இலக்க எண் இருக்கும். 2419 என்றால் 2019ஆம் ஆண்டின் 24ஆவது வாரம். சாதாரணமாக ஒரு செட் டயர் நாற்பது, ஐம்பதாயிரம் கிலோமீட்டர் வரும். 2019 வண்டி, மீட்டர் 32,000, ஆனால் நான்கு டயரும் 2022 என்றால் முதல் செட் எங்கே போனது என்று கேளுங்கள். ஸ்டெப்னியையும் எடுத்துப் பாருங்கள். அதன் தேதி பொதுவாக வண்டியின் தேதியோடு ஒத்துப்போகும். கிளட்ச் பெடல் ரப்பர் தேய்ந்து வழவழப்பாக இருப்பது, ஓட்டுநர் இருக்கையின் வலது ஓரம் அமுங்கியிருப்பது எல்லாம் இதோடு சேரும். பிறகு வண்டி எண்ணைக் கொடுத்து அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் பழைய பதிவுகளைக் கேட்கச் சொல்லுங்கள். உரிமையாளர் தயங்கினால் அதுவும் ஒரு பதில்தான். ‘டாக்டர் வைத்திருந்த வண்டி, ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் எடுப்பார்’ என்ற வசனத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். தமிழ்நாட்டில் அத்தனை டாக்டர்கள் இல்லை.

அடுத்தது ஏர்பேக் விளக்கு. சாவியை ஆன் நிலைக்குத் திருப்பினால் டேஷ்போர்டில் அந்தச் சிவப்பு விளக்கு சில விநாடிகள் எரிந்து அணைய வேண்டும். அணையாமல் எரிந்தால் கோளாறு. எரியவே இல்லை என்றால் இன்னும் மோசம்: விபத்தில் வெடித்த ஏர்பேக்கை மாற்றாமல், காட்டிக்கொடுக்கும் விளக்கை மட்டும் துண்டித்திருக்கலாம். இந்த ஒன்றைப் பார்க்க மூன்று விநாடி போதும். ஆனால் ஸ்டார்ட் செய்த வண்டியையே காட்டுவார்கள் என்பதால் பலரும் தவறவிடுகிறார்கள். நீங்களே அணைத்து மறுபடி திருப்புங்கள்.

விபத்துக்கு, பானெட்டையும் கதவுகளையும் பிடிக்கும் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்டுப் பெயிண்ட் பெயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கதவின் ரப்பர் பீடிங்கை விரலால் இழுத்தால் உள்ளே கம்பெனியின் ஸ்பாட் வெல்டிங் சீரான வட்டங்களாகத் தெரிய வேண்டும். அங்கே பட்டி பூசி மழுங்கியிருந்தால் கூரையைத் தாங்கும் பில்லர் வரை டிங்கரிங் நடந்திருக்கிறது. விலை எவ்வளவு குறைத்தாலும் விட்டுவிடுங்கள். பம்பர் கீறல், கதவு நசுங்கல் எல்லாம் நம் ஊர்ச் சாலையில் சகஜம், அதற்குப் பேரம் பேசிக்கொள்ளலாம்.

வெள்ளத்தில் நின்ற வண்டியும் உண்டு. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னை மூழ்கியது. அதே 2023 டிசம்பரில் தூத்துக்குடியும் நெல்லையும். அந்தப் பதிவு எண்களைப் பார்த்தால் சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கு இழுத்துப் பாருங்கள். மேலே துடைத்திருப்பார்கள், கடைசி அரை அடியில் சேற்றுக் கறை நிற்கும். இருக்கைக்கு அடியில் உள்ள தண்டவாளத் துரு இரண்டாவது சாட்சி.

ஓட்டிப் பார்ப்பது காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது. முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆறு பேரையும் ஏற்றி, ஏ.சி. போட்டு ஒரு மேம்பாலம் ஏறுங்கள். கடைசி வரிசையில் குளிர் வருகிறதா என்று மகளைக் கேளுங்கள்.

இவ்வளவும் வைத்து என் தேர்வு: 2019 அல்லது 2020 எர்டிகா பெட்ரோல் மேனுவல், சொந்த உபயோகப் பதிவு, சர்வீஸ் பதிவு முழுமையாக உள்ளது. எட்டு லட்சத்தில் இது விளிம்பில்தான் கிடைக்கும், தேட வேண்டியிருக்கும். ஓரிரு மாதத்தில் சுத்தமான வண்டி அமையவில்லை என்றால், 2021க்குப் பிந்தைய நான்கு ஏர்பேக் ட்ரைபரை வாங்கி, மிச்சப் பணத்தில் நல்ல டயரும் மகனுக்குக் குழந்தை இருக்கையும் போடுங்கள். இருக்கையைப் பொருத்தும் ஐசோஃபிக்ஸ் கொக்கி நடு வரிசையில் இருக்கிறதா என்பதைக் கையை விட்டுத் தடவிப் பார்த்து, அதற்கேற்ற இருக்கையை வாங்க வேண்டும்.

பேப்பர் வேலையில் இரண்டு இடத்தில்தான் பெரும்பாலும் சிக்கல் வரும். ஆர்.சி.யில் வங்கிக் கடன் குறிப்பு இருந்தால் கடன் குறிப்பை நீக்கும் படிவம் 35உம் வங்கியின் தடையில்லாச் சான்றும் கைக்கு வரும்வரை முழுப் பணம் கூடாது. இன்சூரன்ஸைப் பதினான்கு நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். இழப்பீடு கேட்காததற்காக முந்தைய உரிமையாளருக்குக் கிடைத்த நோ கிளெய்ம் சலுகை வண்டியோடு வராது, அந்த வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும், அதை விலையிலேயே பேசிவிடுங்கள். உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30இல் கையெழுத்து வாங்கும்போதே அரசின் பரிவாகன் தளத்தில் நிலுவை அபராதம் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். பேசிய விலையில் இருபதாயிரத்தை மட்டும் நிறுத்திவைத்து, ஆர்.சி. உங்கள் பெயரில் வந்த அன்று கொடுப்பதாக எழுதிக்கொள்ளுங்கள். நேர்மையான கன்சல்டிங்காரர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்.