ரஷ்யாவின் ‘அனைத்து ரஷ்ய மக்கள் முன்னணி’ ஒரு கட்சியா? புதின் அதை ஏன் தொடங்கினார்?

கட்சி இல்லை. தன் பெயரில் தேர்தலில் நிற்பதில்லை. ஆனால் பிறந்தது தேர்தலுக்காகத்தான்.

2011 தொடக்கத்தில் ஆளும் ஐக்கிய ரஷ்யா கட்சியின் பெயர் ரொம்பவே கெட்டுப்போயிருந்தது. ‘மோசடிக்காரர்கள், திருடர்களின் கட்சி’ என்று புதினின் கடும் எதிர்ப்பாளர் நவால்னி சொன்னது ஒட்டிக்கொண்டுவிட்டது. டிசம்பரில் டூமா (நாடாளுமன்றக் கீழவை) தேர்தல். அப்போது பிரதமராக இருந்த புதின் மே 6 அன்று வோல்கோகிராடில் இந்த முன்னணியை அறிவித்தார். வோல்கோகிராட் என்பது பழைய ஸ்டாலின்கிராட், இரண்டாம் உலகப் போரில் ஹிட்லரின் படை தோற்ற ஊர். மூன்று நாளில், அந்தப் போரில் வென்றதைக் கொண்டாடும் வெற்றி நாள். போர்முனையையும் குறிக்கும் ‘முன்னணி’ (ஃபிரண்ட்) என்ற பெயரை அறிவிக்க இதைவிடப் பொருத்தமான மேடை கிடைக்காது.

கட்சியைப் பிடிக்காது, புதினைப் பிடிக்கும் என்கிறவர்களை வளைப்பதுதான் கணக்கு. தொழிற்சங்கங்கள், ஓய்வூதியர் சங்கம், முதலாளிகள் அமைப்புகள் எல்லாம் வரிசையாகச் சேர்ந்தன. ரஷ்ய அஞ்சல் நிறுவனம்கூடச் சேர்ந்தது! கட்டடக் கலைஞர்கள் சங்கம் சேர்ந்தபோது, எங்களைக் கேட்காமல் எப்படிச் சேர்க்கலாம் என்று அதன் உறுப்பினர்களே சண்டைக்கு வந்தார்கள்.

பலன் சுமார்தான். ஐக்கிய ரஷ்யா 315 இடங்களிலிருந்து 238-க்கு இறங்கியது. அதிலும் முறைகேடு என்று மாஸ்கோவில் மக்கள் தெருவுக்கு வந்தார்கள்.

2012-ல் கட்சித் தலைமையை, அதுவரை அதிபராக இருந்த மெத்வதேவிடம் விட்ட புதின், 2013 ஜூன் மாநாட்டில் முன்னணியின் தலைவரானார். என்னைக் கேட்டால், சுவாரஸ்யமே அப்புறம்தான். அரசு டெண்டர்களைத் துருவும் திட்டம் ஒன்று வந்தது. அதிகாரிகள் சொகுசுக் கார் வாங்கிய கதைகள் வெளியே வந்தன. அடுத்து ‘செத்த சாலைகளின் வரைபடம்’: உங்கள் தெரு குண்டும் குழியுமாக இருந்தால் படம் எடுத்து இணைய வரைபடத்தில் குறிக்கலாம், மற்றவர்கள் வாக்களிக்கலாம், மோசமான சாலைகளின் பட்டியல் அதிகாரிகளிடம் போகும். உண்மையிலேயே சில சாலைகள் சரியாகின, அதை மறுக்க முடியாது. ஆனால் திட்டு மேயருக்கும் காண்டிராக்டருக்கும். மிஞ்சினால் ஆளுநர் வரை. நாட்டை ஆள்பவரே புகார்ப் பெட்டிக்கும் சொந்தக்காரர் என்றால், புகார் அவர் மேல் எப்படித் திரும்பும்?

2022-க்குப் பிறகு முன்னணியின் முக்கிய வேலை ‘எல்லாம் வெற்றிக்காக’ என்ற நிதி திரட்டல். உக்ரைனில் போரிடும் படைகளுக்கு ட்ரோனும் வண்டிகளும் வாங்கிக் கொடுக்கிறார்கள்.