ஃபோம் உதிர்ந்தால் வூஃபர் செத்ததாகுமா?

ஸ்பீக்கர் சந்தேகங்கள்: கேள்வி – பதில்

கேள்வி: சித்தப்பா 1976-ல் சிங்கப்பூரிலிருந்து ‘சிதம்பரம்’ கப்பலில் கொண்டுவந்த ஏஆர்-3ஏ ஸ்பீக்கர் ஒரு ஜோடி எங்கள் வீட்டு மாடியில் பல வருடமாகச் சும்மா கிடக்கிறது. பேஸ் எனும் அடி ஒலியைத் தரும் வூஃபரைச் சுற்றியிருக்கும் ஃபோம், தொட்டால் கறுப்புப் பிசினாகக் கையில் ஒட்டுகிறது. ஒரு பெட்டியில், கீச்சு ஒலி தரும் சின்ன ட்வீட்டரும் பேசவில்லை. உள்ளூர் மெக்கானிக், “பழசையெல்லாம் கழற்றிப் போட்டுட்டு புது 12 இஞ்ச் வூஃபர் மாட்டிடலாம் சார், சும்மா அதிரும்” என்கிறார். மாட்டலாமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: வேண்டவே வேண்டாம். அதிரும் என்று அவர் சொல்வதில் பொய்யில்லை. ஜன்னல் அதிரும், பீரோ அதிரும். மிருதங்கத்தின் தொப்பிதான் கேட்காது.

உங்கள் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் நீங்களே அவருக்குப் பதில் சொல்லிவிடுவீர்கள். 1950-களின் தொடக்கம் வரை நல்ல பேஸ் வேண்டுமென்றால் பீரோ அளவுக்குப் பெட்டி தேவைப்பட்டது. அமெரிக்காவில் எட்கர் வில்சர் வேறு வழி யோசித்தார். கோனை (முன்னும் பின்னும் அசைந்து ஒலி எழுப்பும் காகிதக் கூம்பை) மிகத் தளர்வாகத் தொங்கவிட்டு, காற்றுப் புகாமல் மூடிய சின்னப் பெட்டியில் பொருத்தினார். உள்ளே அடைபட்ட காற்றே கோனுக்கு ஸ்பிரிங் ஆகிவிட்டது. 1954-ல் ஹென்றி கிளாஸுடன் சேர்ந்து அவர் தொடங்கிய கம்பெனிதான் அக்கூஸ்டிக் ரிசர்ச், சுருக்கமாக ஏஆர். உங்கள் 3ஏ 1967-ல் வந்த மாடல். (கம்பெனியை விற்ற பிறகு வில்சர் காது கேட்கும் கருவி ஆராய்ச்சிக்குப் போய்விட்டார். கடைசி வரை காதை விடவில்லை மனிதர்!)

ஆக, இந்தப் பெட்டியும் இந்த வூஃபரும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துச் செய்தவை. கல்யாண மண்டபத்து ஸ்பீக்கருக்கான விறைப்பான வூஃபரை இதில் மாட்டினால் அடி பேஸ் போய்விடும். அதைச் சரிக்கட்ட, பெட்டியில் ஓட்டை போடலாம் என்று அடுத்த யோசனை வரும். அந்த இடத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

ஃபோம் உதிர்வது நோயே இல்லை, வயசு. அது பாலியூரித்தேன், காற்றின் ஈரமே அதை அரித்துவிடும், நம் ஊர் என்றால் கேட்கவே வேண்டாம். கிழிந்த ஃபோமோடு பாட்டு மட்டும் போடாதீர்கள். கோன் ஒரு பக்கம் சாய்ந்து வாய்ஸ் காயில் (கோனின் அடியில் ஒட்டிய கம்பிச் சுருள்) காந்தத்தில் உரசும், அப்புறம் செலவு வேறு கணக்கு. வூஃபரை வெளியே எடுத்து, கோனின் இரு பக்கமும் விரல் வைத்து நேராக, மெதுவாக அழுத்துங்கள். கரகரவென்று உரசும் சத்தம் வரக் கூடாது. வூஃபரின் இரு முனைகளிலும் வைத்த மல்டிமீட்டர் 3 ஓம் அருகே காட்டினால் காயில் உயிரோடிருக்கிறது.

புது ஃபோம் வாங்கும்போது 12 இஞ்ச் என்று மட்டும் சொல்லி வாங்காதீர்கள். கோனின் வெளி விட்டம், சட்டத்தின் விட்டம் இரண்டையும் ஸ்கேல் வைத்து அளந்து குறித்துக்கொண்டு போங்கள். சென்னை ரிச்சி தெருவில் தேடலாம், இணையத்தில் ஏஆர் வூஃபருக்கென்றே விற்பதும் உண்டு. பழைய பிசினை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் பொறுமையாகத் துடைத்தெடுங்கள். அவசரப்பட்டுச் சுரண்டினால் காகிதக் கோன் கிழியும். ஃபோமை முதலில் கோனில் ஒட்டி முழுசாகக் காயவிட்டு, மறுநாள் சட்டத்தில் ஒட்டுங்கள். சட்டத்தில் பசை ஈரமாக இருக்கும்போதே ஆம்ப்ளிஃபையரில் சத்தத்தை மிகக் குறைவாக வைத்து 30 ஹெர்ட்ஸ் ஒலியைக் கொடுத்தால், உரசல் இல்லாத இடத்துக்குக் கோனை நகர்த்திச் சரிசெய்யலாம். இதற்காகவே நான் மெதுவாகக் காயும் வெள்ளைப் பசையைச் சொல்கிறேன். ஃபெவிக்விக் பக்கமே போகாதீர்கள். நகர்த்த நேரம் தராது.

இப்போது ட்வீட்டர். எரிந்துபோயிருக்கும் என்று முடிவு கட்டாதீர்கள். எனக்குச் சந்தேகம் வேறு இடத்தில். பெட்டியின் பின்பக்கம் இரண்டு குமிழ்கள் இருக்கின்றன அல்லவா? ஒன்று நடு ஒலி தரும் மிட்ரேஞ்சுக்கு, ஒன்று ட்வீட்டருக்கு. உள்ளே இருப்பது கம்பி சுற்றிய கண்ட்ரோல். அது பச்சைக் களிம்பேறி, தொடுமுனை ஒட்டாமல் போவது இந்த மாடலின் பிறவிக் குணம். ஊமையாகிப்போன ஏஆர் ட்வீட்டரில் பாதிக்கு மேல் இந்தக் கேஸ்தான் என்று அடித்துச் சொல்வேன். குமிழை இப்படியும் அப்படியுமாகத் திருகிப் பாருங்கள். நடுவில் கரகரத்து ஒருமுறை பேசினால் குற்றவாளி பிடிபட்டான். வூஃபரைக் கழற்றிய துளை வழியாகவே கண்ட்ரோலை எடுத்து, மெல்லிய எமரித்தாளும் கான்டாக்ட் கிளீனரும் போட்டுத் தேய்க்கலாம். அரித்தே போயிருந்தால், அதற்குப் பதிலாக எல்-பேட் என்ற ஒலி அளவுக் கண்ட்ரோலைப் போடலாம். உள்ளே அடைத்திருப்பது கண்ணாடி இழை. கையுறை, மாஸ்க் இல்லாமல் கை விடாதீர்கள். எடுத்ததை அதே அளவு திருப்பி அடையுங்கள்.

ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் உரிய ஒலியைப் பிரித்தனுப்பும் கண்டன்சர்கள் 6, 50, 150 மைக்ரோஃபாரட். அளந்து பார்த்து, மதிப்பு விலகியிருந்தால் மட்டும் மாற்றுங்கள். மாற்றுவது நான்-போலார் (பிளஸ், மைனஸ் பேதமில்லாத) வகையாக இருக்க வேண்டும். பவர் சப்ளையில் போடுவதைப் போட்டுவிடப் போகிறார்கள், பக்கத்தில் நில்லுங்கள்.

இன்னொன்று: இது 4 ஓம் ஸ்பீக்கர் (மல்டிமீட்டர் காட்டும் 3 ஓம் காயில் கம்பியின் தடை மட்டும்). ஆம்ப்ளிஃபையரின் பின்பக்கம் 4 ஓம் தாங்கும் என்று எழுதியிருக்கிறதா பார்த்துவிட்டு ஒயரை மாட்டுங்கள்.

கேள்வி: என் பழைய வூஃபரில் பிளஸ், மைனஸ் குறி அழிந்துவிட்டது. எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: சுவர்க் கடிகாரத்து 1.5 வோல்ட் பேட்டரி போதும். ஒரு நொடி தொட்டு எடுங்கள். கோன் வெளியே வந்தால், பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் பிளஸ். பழைய ஜேபிஎல் கம்பெனி வூஃபர் என்றால் மட்டும் கவனம். அவர்கள் வெகுகாலம் தலைகீழாக வைத்திருந்தார்கள். ட்வீட்டரில் இந்தச் சோதனை வேண்டாம்.

கேள்வி: ஸ்பீக்கர் பெட்டியின் வால்நட் மரம் வெளிறிவிட்டது. இழைத்துவிட்டு வார்னிஷ் அடிக்கலாமா?
– வாசகர், கோவை

பதில்: அது முழு மரமாக இருக்காது, மேலே ஒட்டிய வெனீர், அதாவது மெல்லிய மரத்தகடு. இழைப்புளி பட்டால் அடியிலுள்ள பலகை பல்லிளிக்கும். தூசு துடைத்து, மிக நைசான தாளால் ரேகை ஓடும் திசையிலேயே லேசாகத் தேய்த்து, பாயில்ட் லின்சீட் ஆயில் தடவுங்கள். கால் மணி நேரம் ஊறவிட்டு மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது; அந்த எண்ணெய் காயும்போது சூடேறித் தானே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, வெளியில் விரித்துக் காயப்போட்டுவிட்டு அப்புறம் குப்பையில் சேருங்கள்.