எஞ்சினைக் கடைசியாகப் பாருங்கள்

பழைய காரை வாங்கிச் சீர்செய்வது பற்றிக் குமரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

பக்கத்து விளையில் 1974-ம் வருட மார்க் 2 அம்பாசடர் ஒன்று 11 ஆண்டாக ஓலைச் சாய்ப்பில் நிற்கிறது. "எஞ்சின் சுத்தமாக இருக்கிறது, பேட்டரி போட்டால் ஓடும்" என்கிறார் உரிமையாளர். வாங்கலாமா?
– வாசகர், தக்கலை

எஞ்சின் எப்படியிருந்தாலும் அதைச் சரிசெய்துவிடலாம். அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினுக்குப் பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் இன்றும் கிடைக்கின்றன. சிலிண்டரைக் கடைந்து ரீபோர் போடவும், கிராங்க் தண்டைத் தேய்த்துச் சீராக்கும் கிரைண்டிங் செய்யவும் தெரிந்த லேத் பட்டறைகள் இருக்கின்றன. உங்கள் பணத்தையும் பொறுமையையும் தின்னப் போவது தகரம். அதனால் பானட்டைத் திறப்பதற்கு முன் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள்.

அம்பாசடருக்கு லாரியைப் போலத் தனி சேஸ் (அடிச்சட்டம்) கிடையாது. தரை, சில், குறுக்குச் சட்டங்கள் எல்லாம் ஒன்றாக வெல்ட் ஆகி, பாடியே பாரத்தைச் சுமக்கிறது. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சில் உளுத்துப்போனால் வண்டியின் முதுகெலும்பே போனது மாதிரி. நல்ல டார்ச், தட்டை ஸ்க்ரூடிரைவர், சின்னச் சுத்தியல், ஜாக்கி, ஒரு மரக்கட்டை ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். ஸ்க்ரூடிரைவர் முனையால் அடிப்பக்கத்தைக் குத்திக்கொண்டே போங்கள். நல்ல தகடு முனையைத் தடுத்து நிறுத்தும். உளுத்த தகடு பப்படம் போல நொறுங்கும்.

கட்டாயம் குத்திப் பார்க்க வேண்டிய இடங்கள் இவை: இரண்டு சில்களும் அவற்றின் உள்முகமும், டிரைவர் கால் வைக்கும் தரை, டிக்கித் தரையும் ஸ்டெப்னி வைக்கும் பள்ளமும், பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இரண்டு முனைகள், முன் மட்கார்டில் ஹெட்லைட்டுக்குப் பின்புறம், நான்கு கதவுகளின் அடிவிளிம்பு. இவற்றோடு இன்னொன்றையும் மறக்க வேண்டாம். இந்த வண்டியின் முன்பக்கம் காயில் ஸ்பிரிங்கில் நிற்பதில்லை, டார்ஷன் பார் என்ற நீளமான முறுக்குக் கம்பியில் நிற்கிறது. அந்தக் கம்பியின் பின்முனையைப் பிடித்திருக்கும் குறுக்குச் சட்டத்தில் துரு ஏறியிருந்தால், அங்கே வெறும் ஒட்டுப் போட்டு ஓட்ட முடியாது. முறுக்கேறிய கம்பி அந்த இடத்தை ஓயாமல் திருகிக்கொண்டே இருக்கும், ஒட்டு பிரிந்துவிடும்.

அடுத்து, மரக்கட்டை வைத்து சில்லுக்கு அடியில் ஜாக்கி போடுங்கள். நான்கு கதவுகளும் சரியாக மூடுகின்றனவா என்று முதலில் பார்த்துக்கொண்டு, பிறகு மெல்லத் தூக்குங்கள். சக்கரம் தரையை விட்டு எழும்பும்போது கதவு இறுகினாலோ, கதவு இடைவெளி மாறினாலோ பாடி வளைகிறது என்று பொருள். கட்டை வைத்த இடம் உள்ளே அமுங்கினால் அத்தோடு நிறுத்திவிடுங்கள். ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் ஒருபோதும் நுழைய வேண்டாம்.

ஓலைச் சாய்ப்பு என்றீர்கள். மேலே மழை படவில்லை என்றாலும் மண்தரையிலிருந்து ஈரம் எழும்பிக்கொண்டே இருக்கும். நம் மாவட்டத்தில் ஜூனில் தொடங்கும் மழைக்கும் அக்டோபரில் தொடங்கும் மழைக்கும் நடுவே மண் முழுதாகக் காய்வதே இல்லை. முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்றுப் பாதையில் சருகு அடைத்திருந்தால் தண்ணீர் உள்ளே இறங்கித் தரைவிரிப்புக்கு அடியில் தேங்கியிருக்கும். விரிப்பை முழுதாகத் தூக்கிப் பாருங்கள். சீட்டைத் தூக்கினால் எலிக்கூடும் கடித்த வயரும் தெரியலாம். அப்படி இருந்தால் ஒவ்வொரு வயராக ஒட்டுப் போடாதீர்கள், மொத்த வயரிங்கையும் மாற்றும் செலவைக் கணக்கில் எழுதுங்கள். பழைய அம்பாசடர்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு சேர்ந்த வண்டிகளும் உண்டு. அது தெரியாமல் புது பேட்டரியை வழக்கம்போல மாட்டினால் மின்சாரம் தரும் டைனமோவும், அதற்கும் பேட்டரிக்கும் நடுவே உள்ள கட்டவுட்டும் பாழாகும். பழைய கேபிள் எந்த முனையிலிருந்து பாடிக்குப் போகிறது என்று பார்த்த பிறகே மாட்டுங்கள்.

இவ்வளவும் பார்த்தபின் தகரவேலை செய்யும் டிங்கர், பெயிண்டர், மெக்கானிக், வயரிங் ஆள், சீட் தைப்பவர் என ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக மதிப்பு வாங்குங்கள். டிங்கர் சொன்ன தொகையோடு அதில் பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள், ஏனென்றால் பெயிண்டைச் சுரண்டிய பிறகுதான் முழுத் துருவும் தெரியும். இந்த மொத்தத்தையும் வாங்கும் விலையையும் சேர்த்து, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு மார்க் 2 என்ன விலைக்குப் போகிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஓடுகிற வண்டியே மலிவாக இருக்கும். இது உங்கள் வீட்டு வண்டியாக இருந்தால் கணக்கு வேறு. பக்கத்து விளை வண்டிக்கு அந்தச் சலுகையைக் கொடுக்காதீர்கள்.

குளச்சலில் ஒரு பிரீமியர் பத்மினி விலைக்கு வந்திருக்கிறது. போன மாதம்தான் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், பளபளவென்று இருக்கிறது. கடலோர வண்டி என்பதால் தயக்கம்.
– வாசகி, திங்கள்நகர்

உங்கள் தயக்கம் நியாயமானது. விற்பதற்கு ஒரு மாதம் முன்பு அடித்த பெயிண்ட் எதையோ மறைக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கடற்காற்றில் வரும் உப்பு தகட்டின் மேல் படிந்து, காற்றிலுள்ள ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். அதனால் மழையே இல்லாத நாளிலும் தகடு நனைந்தபடியே இருக்கும். வெளிப்புறத்தைக் கழுவலாம். சில்லின் உள்ளேயும் கதவின் உள்ளேயும் மூடிய பெட்டி போன்ற இடங்களில் படிந்த உப்பைக் கழுவ வழியில்லை. துரு உள்ளிருந்து வெளியே வருகிறது, கண்ணுக்குத் தெரியும்போது தகடு போயிருக்கும். மேலே பட்டி பூசிப் பெயிண்ட் அடித்தால் இரண்டு மழைக்காலத்துக்குள் கொப்பளம் எழும்பும்.

இதைச் சோதிக்க ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். முதலில் கூரையில் வையுங்கள், அங்கே பட்டி அரிது. எவ்வளவு அழுத்தமாக ஒட்டுகிறது என்று கை அறிந்துகொள்ளும். பிறகு கதவின் கீழ்ப்பகுதி, சக்கர வளைவின் விளிம்பு, மட்கார்டின் அடி, சில் எனக் கீழிறங்கி வாருங்கள். பிடி தளர்கிற இடமெல்லாம் பட்டி. விழுந்தேவிடும் இடத்தில் தகடே இல்லை, ஃபைபரோ கனத்த பட்டியோதான் இருக்கிறது. விரல் கணுவால் தட்டினாலும் தெரியும்: தகடு கணகணக்கும், பட்டி மந்தமாகச் சத்தம் தரும். கதவின் அடியில் தண்ணீர் வடியும் சின்ன ஓட்டைகள் பெயிண்டால் அடைபட்டிருந்தால், வேலை செய்தவர் எவ்வளவு அவசரப்பட்டார் என்பதும் புரிந்துவிடும்.

பத்மினியும் தனி சேஸ் இல்லாத வண்டிதான். முன் சக்கரத்தின் மேலும் கீழும் உள்ள கைகள் பாடியோடு சேரும் இடம், பின் பட்டைகள் மாட்டும் இடம் இரண்டையும் அடியிலிருந்து பாருங்கள். அடிப்பக்கம் முழுக்கப் புதுத் தார்ப் பூச்சு இருந்தால், நான்கைந்து இடங்களில் சுரண்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் வந்துவிடுங்கள்.

களியக்காவிளைக்கு அப்பால் கேரளப் பதிவுள்ள ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்று பார்த்தேன். உரிமையாளர் இறந்துவிட்டார், மகன் விற்கிறார். ஆர்சி புக் இருக்கிறது. ஆனால் புதுப்பிக்கவில்லை.
– வாசகர், மார்த்தாண்டம்

வண்டியைப் பார்க்கும் முன் காகிதத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். வரிசை மாறினால் மாட்டிக்கொள்வீர்கள்.

முதலில் வண்டி மகன் பெயருக்கு மாற வேண்டும். உரிமையாளர் இறந்தால் படிவம் 31, இறப்புச் சான்றிதழ், வாரிசு ஆவணம், மற்ற வாரிசுகளின் சம்மதம் தேவை. ஒரு சகோதரி வெளிநாட்டில் இருந்தாலும் அவருடைய சம்மதம் இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். அதன்பின் உங்கள் பெயருக்கு மாற்றப் படிவம் 29, 30. மாநிலம் விட்டு மாநிலம் வருவதால் அங்குள்ள ஆர்டிஓவில் படிவம் 28-ல் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். இங்கே வந்ததும் மார்த்தாண்டம் அலுவலகத்தில் வரி கட்டிப் புது எண் பெற வேண்டும். ஆர்சியில் பைனான்ஸ் பெயர் இருந்தால், கடன் எப்போதோ முடிந்திருந்தாலும் படிவம் 35 கொடுத்து அதை நீக்காமல் எதுவும் நகராது.

சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 ஆண்டு செல்லும், பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை படிவம் 25-ல் புதுப்பிக்க வேண்டும். 20 ஆண்டு கடந்த காருக்கு 2025 ஆகஸ்டு முதல் அந்தக் கட்டணம் 10,000 ரூபாய். விட்டுப்போன காலத்துக்குத் தாமதக் கட்டணமும் பசுமை வரியும் தனி. இவையெல்லாம் சேர்ந்து எவ்வளவு என்று ஆர்டிஓவில் கேட்டு எழுதி வாங்கி, அதை விலையில் கழித்துப் பேசுங்கள். பழைய கைப்பதிவுகள் பல இன்னும் கணினியில் ஏறவில்லை. வண்டியின் எண்ணைத் தேடினால் வரவில்லை என்றால், அந்த அலுவலகத்தின் பழைய பதிவேட்டிலிருந்து ஏற்றச் சொல்ல வேண்டும். இதை விற்பவரே முடித்துத் தரட்டும்.

சேஸ் எண், எஞ்சின் எண் இரண்டையும் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து, ஆர்சியோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். எஞ்சின் மாறியிருந்து ஆர்சியில் ஏறாமல் இருந்தால் அது மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி அனுமதி வாங்க வேண்டிய மாற்றம். எண் சுரண்டப்பட்டிருந்தால் வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் தொடாதீர்கள்.

காகிதம் தேறினால், ஹெரால்டு நல்ல தேர்வு. சென்னையில் செய்த இந்த வண்டிக்குத் தனி சேஸ் உண்டு. பாடியைக் கழற்றி வைத்து வேலை பார்க்கலாம். சேஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளைத்தான் துரு முதலில் பிடிக்கும். முன் சக்கரத்தின் கீழ் மூட்டான டிரனியனுக்கு கிரீஸ் அடிக்கக் கூடாது, 90 நம்பர் கியர் ஆயில் விட வேண்டும். பல ஆண்டு கிரீஸ் அடித்த வண்டியில் அதன் மரை உள்ளே தேய்ந்திருக்கும். ஒருநாள் வளைவில் மூட்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். வாங்கியவுடன் இரு பக்கமும் கழற்றிப் பாருங்கள். முன்கண்ணாடி, விளக்கு வளையங்கள், குரோமியப் பட்டைகள் முழுதாக இருக்கின்றனவா என்று இப்போதே எண்ணிக்கொள்ளுங்கள், எஞ்சின் சாமானைவிட இவை கிடைப்பது கடினம்.

எஞ்சின் இறுகிப் போன பத்மினி. வண்டியை இழுத்துக்கொண்டே கியரில் போட்டால் இறுக்கம் விட்டுவிடும் என்கிறார்கள்.
– வாசகர், குலசேகரம்

வேண்டாம். துருவேறிய ரிங் சிலிண்டரோடு ஒட்டியிருக்கும்போது வண்டியின் எடை முழுவதும் அதன்மேல் வந்தால் ரிங் உடையும், கனெக்டிங் ராடு வளையும்.

நான்கு பிளக்குகளையும் கழற்றுங்கள். பவர் ஸ்டீயரிங் ஆயிலும் டீசலும் சம அளவு கலந்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் சுமார் 30 மில்லி ஊற்றி 4 நாள் விடுங்கள். தினமும் கொஞ்சம் சேர்க்கலாம். பிறகு கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் புல்லியின் நட்டில் நீளப்பிடி ஸ்பானர் போட்டு, முன்னும் பின்னுமாக அரை அங்குலம் அசைத்துப் பாருங்கள். அசைந்தால் அவசரப்படாமல் அந்த வீச்சைக் கூட்டிக்கொண்டே போகலாம். ஒரு வாரமாகியும் அசையவில்லை என்றால் சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான்.

சுற்ற ஆரம்பித்தாலும் உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். ராக்கர் மூடியைத் திறந்து, கையால் சுற்றும்போது 8 வால்வுகளும் அழுந்தித் திரும்ப எழுகின்றனவா என்று பாருங்கள். ஒன்று ஒட்டி நின்றாலும் அதைத் தள்ளும் கம்பியான புஷ்ராடு வளையும். ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, பிளக் இல்லாமலே செல்ஃப் ஸ்டார்ட்டரால் சுற்றி ஆயில் அழுத்தம் வந்த பிறகு பிளக் போடுங்கள். டேங்கில் கிடக்கும் பழைய பெட்ரோல் வேண்டாம். 1 லிட்டர் கேனிலிருந்து தனிக் குழாயில் கொடுங்கள். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலப்பதால் பழைய ரப்பர் குழாயும் பம்பின் சவ்வான டயாஃப்ரமும் ஊறி இளகும். அவற்றைப் புதிதாக மாற்றிவிடுங்கள். ஹெட்டைக் கழற்ற நேர்ந்தால் எக்ஸாஸ்ட் வால்வுகள் வந்து உட்காரும் இடத்தில் கடினமான சீட் வளையம் அடித்துவிடச் சொல்லுங்கள். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ல் நின்றுவிட்டது. அந்தக் காலத்துச் சீட் ஈயம் இல்லாமல் மெல்லத் தேய்ந்து உள்ளே இறங்கலாம்.

வண்டி ஓடினாலும் பிரேக்கை நம்பி வெளியே எடுக்காதீர்கள். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். மாஸ்டர் சிலிண்டரும் வீல் சிலிண்டர்களும் உள்ளே புள்ளி புள்ளியாக அரித்திருக்கும். குழாய், ரப்பர் ஹோஸ், சிலிண்டர்கள் அனைத்தும் புதிதாக வரட்டும்.

50 வருடக் காரை 'விண்டேஜ்' என்று பதிந்தால் நல்லதா?
– வாசகர், நாகர்கோவில்

முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, மூல வடிவத்தில் பெரிய மாற்றமில்லாத வண்டிக்கு 2021-ல் வந்த விதி அது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கன்னியாகுமரி போய்வர வேண்டும் என்றால் சாதாரணப் பதிவைப் புதுப்பித்து வைத்திருப்பதே சரி.

வாங்கிவிட்டேன், கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு வருடத்தில் செய்யலாம் என்று இருக்கிறேன். எங்கே தொடங்க?
– வாசகர், பூதப்பாண்டி

காய்ந்த சிமெண்ட் தரையில் நிறுத்துங்கள். பிளாஸ்டிக் தார்ப்பாயால் இறுக மூடினால் உள்ளே வியர்த்து வேகமாகத் துருப்பிடிக்கும். காற்றுப் புகும் கூரை போதும். கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் எங்கே இருந்தது என்று எழுதிய பையில் போடுங்கள், கழற்றும் முன் படம் எடுங்கள்.

முதலில் தகரவேலை, பிறகு பிரேக்கும் ஸ்டீயரிங்கும், பிறகு எஞ்சின், வயரிங், அதன்பின் பெயிண்ட், கடைசியில் சீட். தரைக்கு 18 கேஜ், வெளித்தகட்டுக்கு 20 கேஜ் தடிமனுள்ள தகரம் கேளுங்கள். உளுத்ததை வெட்டி எடுத்துவிட்டு நல்ல தகட்டோடு சேர்த்துப் பற்றவைக்க வேண்டும். துருவின் மேலேயே புதுத் தகடு வைத்தால் நடுவில் ஈரம் சிக்கிக்கொள்ளும். இரண்டு சில்லையும் ஒரே நேரத்தில் வெட்டவிடாதீர்கள். கதவுகளை மாட்டிவைத்தபடி ஒரு பக்கம் முடித்துவிட்டு மறுபக்கம் போகச் சொல்லுங்கள், இல்லையேல் பாடி தொய்ந்து கதவு என்றைக்கும் சேராது.

பெயிண்ட் வேலையை ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் நடுவே வைத்துக்கொள்ளுங்கள். மழை ஈரத்தில் அடித்த என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் வெள்ளை பூத்து மங்கிவிடும். பெயிண்ட் முடிந்ததும் சில், கதவுகளின் உள்ளே மெழுகுப் பூச்சை நீளக் குழாய் முனையால் பீய்ச்சச் சொல்லுங்கள், வடிகால் ஓட்டைகளைத் திறந்தே விடச் சொல்லுங்கள்.